இரவு இரண்டு மணிக்குக் கோல் எடுக்கத் தயங்கிய தங்கச்சிக்கு

கேள்வி:

அன்பின் மெடம், நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். நிபுணராவதற்கான எம்.டி. பரீட்சையின் முதற்பகுதி பாஸ் பண்ணி, மலையகத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பொது மருத்துவ ரெஜிஸ்ட்ராராக, அதாவது பயிற்சியில் இருக்கும் டொக்டராகச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. போன மாதம் எங்கள் காஷுவல்டி இரவில் 54 அட்மிஷன். அதில் 43 வயது அம்மா ஒருவர், கொழுந்து பறிப்பவர். காய்ச்சல் மூன்று நாள் என்று ஹவுஸ் ஒபிசர் (புதிதாகப் பாஸ் பண்ணிய டொக்டர்) எழுதியிருந்தார். பிளேட்லெட் 52,000. டெங்கு என்று எடுத்து சேலைன் கணக்குப் போட்டோம். ஒரு மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சேலைன் கூடிவிட்டது என்று நினைத்து, ஒக்சிஜன் வைத்து, நீர் போக ஊசி போட்டேன். இரண்டு மணிக்கு எச்சிலில் இரத்தம் கண்டேன். போனைக் கையில் எடுத்தும் சேரை, எங்கள் கொன்சல்டன்டை, கூப்பிடவில்லை. முந்தின கிழமை ரவுண்டில் எல்லார் முன்னாலும் "இதற்கெல்லாமா என்னை எழுப்புவது?" என்று கேட்டிருந்தார். நாலு மணிக்குத்தான் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் வந்தார். ஐ.சீ.யூ.வுக்கு எடுத்தோம். காலை ஆறரைக்கு அந்த அம்மா இறந்துவிட்டார். எலிக்காய்ச்சல் என்று பிறகு உறுதியானது. உண்மையில் காய்ச்சல் வந்து ஆறு நாளாம், கணவர் சொன்னாராம்.

வார்ட்டில் நான் பெரும்பாலும் சிங்களத்திலும் இங்கிலிசிலும்தான் கதைப்பேன். தோட்டத்துப் பேச்சு வாயில் வந்துவிடுமோ என்று பயம். அன்று காலை அவருடைய கணவர் கொரிடோர் வாங்கில் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டிப் போனேன். அன்றிலிருந்து சரியான நித்திரை இல்லை. இந்தப் படிப்பு எனக்குச் சரிவராதோ? விட்டுவிட்டு ஊர்ப் பக்கப் பிரதேச ஆஸ்பத்திரியில் எம்.ஓ.வாக (சாதாரண டொக்டராக) போகவா? பட்ச் பிள்ளைகளில் பலர் இங்கிலாந்து போய்விட்டார்கள், நானும் போகவா? தோட்டத்துப் பிள்ளைக்கு இது அளவுக்கு மீறின ஆசைதானோ?

பதில்:

அன்பின் தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் இரண்டு விடயம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. அந்த அம்மா இறந்தது ஒன்று. நீங்கள் இரண்டு மணித்தியாலம் கூப்பிடாமல் இருந்தது மற்றது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள். முதலில் அதை இறக்கிப் பிரிப்போம்.

எலிக்காய்ச்சலில் நுரையீரலுக்குள் இரத்தம் கசியத் தொடங்கினால், ஐ.சீ.யூ.வில் வென்டிலேட்டர் வைத்துப் பார்த்தும் பலரை இழக்கிறோம். அனுபவமுள்ள கொன்சல்டன்ட் பக்கத்தில் நின்றும் இழந்திருக்கிறோம். ஆறு நாள் காய்ச்சலோடு, பிந்தி வந்தவர் அவர். இரண்டு மணிக்கே நீங்கள் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்றால், பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். இதற்கு மேலே உறுதியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. ஆகவே "நான் கொன்றுவிட்டேன்" என்ற நினைப்பு உண்மை இல்லை. அதைச் சுமக்க வேண்டாம்.

ஆனால் கூப்பிடாமல் இருந்தது பிழைதான். அதை நான் மெழுகப் போவதில்லை. மெழுகினால் நீங்களும் நம்ப மாட்டீர்கள். இரண்டு மணிக்கு அந்த எச்சிலில் இரத்தத்தைக் கண்ட அந்த நிமிடம் நீங்கள் பிடித்திருந்த கணக்கு உடைந்துவிட்டது. டெங்கு, சேலைன் கூடினது, நீர் ஊசி என்ற அந்தக் கதையில் இரத்தத்துக்கு இடமில்லை. கதை உடைந்தால் கோல் எடுக்க வேண்டும். ரெஜிஸ்ட்ராரின் வேலையில் பாதி அதுதான். எல்லாம் தெரிந்தவரை அந்த இடத்தில் வைப்பதில்லை. எந்த நேரத்தில் தனக்குத் தெரியவில்லை என்று தெரிந்துகொள்பவரைத்தான் அந்த இடத்தில் பயிற்றுகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தலாம், அதனால்தான் இவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

என்னுடைய இரவு ஒன்றைச் சொல்கிறேன். 2011. நானும் ரெஜிஸ்ட்ரார், ஏழாவது மாதம். டெங்கு வார்ட்டில் ஏ.எல். எழுத இருந்த பையன் ஒருவன், 19 வயது, நிறை 50 கிலோ. காய்ச்சல் இறங்கி, நீர் கசிகிற கட்டத்துக்குள் நுழைந்திருந்தான். சேலைன் கணக்கு உங்களுக்குத் தெரியும். ஒரு நாளைய தேவை 2,100 மில்லிலீட்டர், அதோடு நிறையின் ஐந்து வீதத்துக்கு 2,500. மொத்தம் 4,600, அதை 48 மணித்தியாலத்துக்குப் பிரித்துக் கொடுப்பது. நான் மிக நேர்த்தியாகப் போட்டிருந்தேன். சார்ட்டை நீலப் பேனையால் கோடு போட்டு வைத்திருந்தேன், பார்க்க வடிவாக இருந்தது. பத்து மணிக்கு பிரஷர் 110க்கு 70. பன்னிரண்டு மணிக்கு 100க்கு 75. இரண்டு மணிக்கு 100க்கு 85. மேலே உள்ள 100ஐப் பார்த்தேன், "பிரஷர் பரவாயில்லை" என்று எழுதினேன்.

வார்ட்டில் இருந்த மிஸ்ஸி (நர்ஸ்) ஓய்வுக்குக் கிட்டின வயதுக்காரர். சத்தமே போடவில்லை. "டொக்டர், பிள்ளையின் காலைத் தொட்டுப் பாருங்களேன்" என்றார். தொட்டேன். அந்தக் குளிரிலும் கம்பளிக்குள் இருந்த கால் அது, பைப் தண்ணீரில் கழுவி எடுத்தது போல இருந்தது. நகத்தை அழுத்தி விட்டால் இரத்தம் திரும்பி ஓடிவர நேரமெடுத்தது. அப்போதுதான் கீழே உள்ள 85 என் கண்ணில் பட்டது. மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 15தான். 20க்கு இறங்கினாலே ஷொக் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். கையில் இருந்த சார்ட்டில் அது எழுதியிருந்தும் வாசிக்கவில்லை. இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்க்கிற பீ.சீ.வி. அனுப்பினோம், 41ல் இருந்தது 52 ஆகியிருந்தது.

சேர் சாரத்துக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு வந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையை எடுத்துப் பையனின் காலில் வைத்துவிட்டு, அரை லீட்டர் சேலைன் கொடுக்கச் சொல்லி, அது போய் முடியும் வரை பக்கத்திலேயே நின்றார். கால் சூடு பிடித்த பிறகுதான் கேட்டார்: "பன்னிரண்டு மணிக்கு ஏன் கூப்பிடவில்லை?" பன்னிரண்டு மணிக்கு இடைவெளி 40ல் இருந்து 25க்கு வந்தாயிற்று. அது ஷொக் இல்லை, ஆனால் அதை நோக்கிப் போகிற பாதை. ஏன் கூப்பிடவில்லை என்றால், உங்களைப் போலத்தான். முந்தின மாதம் நானும் ஏச்சு வாங்கிக் கட்டியிருந்தேன்.

பையன் பிழைத்தான். என் திறமையால் இல்லை, அந்த மிஸ்ஸி வார்ட்டில் இருந்ததால். உங்கள் இரவில் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. நம் இருவருக்கும் இடையில் அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இந்தப் படிப்பு சரிவந்தது என்றால் உங்களுக்கும் சரிவரும்.

சரி, இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். வார்ட்டில் சிங்களத்திலும் இங்கிலிசிலும்தான் கதைப்பேன், தோட்டத்துப் பேச்சு வந்துவிடுமோ என்று பயம் என்றீர்கள். என்னைக் கேட்டால் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி இதுதான். சேரைக் கூப்பிட விடாத பயமும் இந்தப் பயமும் ஒரே வேரில் முளைத்தவை. "இவள் தோட்டத்துப் பிள்ளை, இவளுக்கு இது தெரியாது" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற பதைப்பு. அது அன்றிரவு உங்களை இரண்டு இடத்தில் தடுத்தது. இரண்டு மணிக்குப் போனை அமுக்க விடவில்லை. அதற்கு முன்னாலே, இரவு ஒன்பது மணிக்கோ பத்து மணிக்கோ, அந்த அம்மாவின் கட்டிலில் போய் இருந்து இரண்டு வார்த்தை கதைக்க விடவில்லை.

"காய்ச்சல் மூன்று நாள்" என்று டிக்கெட்டில், நோயாளியின் குறிப்பில், இருந்தது. கணவர் ஆறு நாள் என்றார். இந்த மூன்று நாள் எங்கே போனது? அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நம் சனத்தின் நாள் கணக்கு வேறு. மேல் காய்ந்தாலும் பனடோல் இரண்டைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார்கள். போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும், நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். கூடையைத் தூக்க முடியாமல் விழுந்த நாள்தான் அவர்களுக்கு வருத்தம் வந்த முதல் நாள். "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்டால் வேலைக்குப் போகாத நாளைத்தான் எண்ணிச் சொல்வார்கள். ஹவுஸ் ஒபிசர் காலியில் இருந்தோ குருநாகலில் இருந்தோ வந்த பிள்ளையாக இருக்கும். இடையில் நின்று அட்டென்டன் மொழிபெயர்த்திருப்பார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும், தங்கச்சி. உங்கள் அம்மாவும் இப்படித்தான் எண்ணுவார்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "எப்ப இருந்துங்கம்மா வேலைக்குப் போகல?" என்று ஒன்று. "அதுக்கு முந்தி மலையில நிக்கும்போதே மேலு காஞ்சுச்சா?" என்று மற்றது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்களில்தான் பல பேருடைய டயக்னோசிஸ் ஒளிந்திருக்கும். டெங்குவில் எத்தனையாம் நாள் என்பது பிழையானால் முழுச் சார்ட்டும் பிழையாகிவிடும். அது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், வேலை முடிந்து வந்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சம்பளம் போதாமல் லய வீட்டுக்குப் பின்னாலே மரக்கறி போடுகிறார்கள், மாடு வளர்க்கிறார்கள். மாட்டுப்பட்டி கழுவுவது, தண்ணீர்க் கான் வெட்டுவது, சேற்றுக்குள் வெறுங்காலோடு நிற்பது எல்லாம் "தொழில்: கொழுந்து பறித்தல்" என்ற ஒற்றை வரிக்குள் மறைந்துவிடும். எலிக்காய்ச்சல் என்றால் வயல் என்றுதான் கீழ்நாட்டில் படித்த பிள்ளைகளுக்கு நினைப்பு. வயலே இல்லாத ஊரில் அது யாருக்கும் உடனே தோன்றாது. கண் சிவந்திருக்கிறதா, கெண்டைக்கால் தசையை அமுக்கினால் துடிக்கிறாரா, வெள்ளை அணுக்கள் டெங்குவில் போலக் குறையாமல் ஏறி நிற்கிறதா என்று பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். பிளேட்லெட் இரண்டிலும்தான் இறங்கும். சந்தேகம் வந்தாலே போதும், டெங்குவைப் பார்த்துக்கொண்டே அன்டிபயோடிக்கையும் தொடங்கலாம். பெனிசிலினும் செஃப்ட்ரியாக்சோனும் எல்லா வார்ட்டிலும் உள்ள மருந்துகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண் டொக்டர் என்ற முறையில் உங்களால் மட்டும் முடிகிற காரியம் அது. உண்ணிக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அதைப் பல நேரம் காட்டிக்கொடுப்பது சிகரெட் சுட்டது போன்ற ஒரு கறுத்த பொருக்கு. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. இருக்கிற இடம் அக்குள், மார்புக்குக் கீழே, அரை, தொடை இடுக்கு. திரை இழுக்காத, ஒரு கட்டிலில் இரண்டு பேர் கிடக்கிற வார்ட்டில், தெரியாத மொழியில் கேட்கிற ஆண் டொக்டருக்கு நம் பெண்கள் அந்த இடங்களைக் காட்டவே மாட்டார்கள். திரையை இழுத்துவிட்டு, "அக்கா, வெக்கப்படாதீங்க, எங்க அம்மாவும் மலையிலதான் வேலை செய்றாங்க, ஒருக்கா பாத்துர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பொருக்கைக் கண்டுவிட்டால் டொக்சிசைக்கிளின் கொடுத்து இரண்டு நாளில் காய்ச்சல் விடுவதைக் காண்பீர்கள். நான் வேலை செய்த வார்ட் ஒன்றில் பத்து நாளாகக் காரணம் தெரியாத காய்ச்சல் என்று எழுதி, ஸ்கேன், கல்ச்சர் எல்லாம் செய்த ஒருவருக்கு, மார்புக்குக் கீழே இருந்த பொருக்கைக் கண்டது தமிழ் தெரிந்த ஒரு ஹவுஸ் ஒபிசர். அந்தப் பிள்ளைக்கு அன்று கிடைத்த மரியாதை அந்த அப்போயின்ட்மென்ட் முடியும் வரை குறையவில்லை.

நீங்கள் மறைக்கப் பார்க்கிற பேச்சு இது. உங்கள் யுனிட்டில் உங்களை விட்டால் இதைப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

சரி, கோல் எடுப்பதற்கு வருகிறேன். எப்படி எடுப்பது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை, அதனால் எழுதுகிறேன். "சேர், பேஷன்ட் ஒருவர் கொஞ்சம் சரியில்லை" என்று தொடங்கினால் நித்திரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். முதல் வசனத்திலேயே எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். "சேர், 43 வயது, டெங்கு என்று நினைத்தவர், இப்போது இரத்தம் துப்புகிறார், ஒக்சிஜனோடும் செச்சுரேஷன் 90, நுரையீரல் இரத்தக் கசிவு என்று பயப்படுகிறேன், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வந்து பாருங்கள்." இது இருபது விநாடி. அதற்குள் எல்லாம் இருக்கிறது, கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதும் இருக்கிறது. "வந்து பாருங்கள்" என்பதை விழுங்கிவிடாதீர்கள். பலர் விடயத்தைச் சொல்லிவிட்டு மௌனமாக நிற்பார்கள், அந்தப் பக்கம் "சரி, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வரும், போன் வைபடும். கூப்பிட்ட நேரத்தையும் சொன்னதையும் டிக்கெட்டில் எழுதுங்கள். முடிந்தால் கூப்பிடும் தேவையே நடுச்சாமத்துக்குப் போகாமல் பாருங்கள். காஷுவல்டி நாளில் இரவு பத்து மணிக்கு ஒரு சுற்று வந்து, மிஸ்ஸிமாரிடம் "யாரை நினைத்தால் பயமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர்கள் காட்டுகிற இரண்டு மூன்று பேரை அப்போதே சேருக்குச் சொல்லி வைத்தால், இரண்டு மணிக்கு எடுக்கிற கோல் புதிதாக இருக்காது.

அந்தச் சேரைப் பற்றியும் ஒன்று. எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது சரியில்லை. நான் கொன்சல்டன்டாக இருந்துதான் இதைச் சொல்கிறேன். அந்த ஒற்றை வசனம் எத்தனை கோல்களை நிறுத்திவிடும் என்று பேசுகிறவருக்குத் தெரிவதில்லை. ஆனால் நாலு மணிக்குக் கூப்பிட்டதும் பத்து நிமிடத்தில் வந்து நின்றதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வருகிற மனிதர்தான் அவர். ரவுண்ட் முடிந்து அவர் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம் போய், "சேர், அன்று இரண்டு மணிக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். முந்தின கிழமை ஏச்சு வாங்கினதால் பயந்துவிட்டேன்" என்று அப்படியே சொல்லுங்கள். அரைகுறையாகச் சொல்ல வேண்டாம். மரண மீளாய்வுக் கூட்டத்தில் இந்தக் கேஸ் வரும், அதற்கு முன்னால் உங்கள் வாயால் அவர் கேட்டிருப்பது நல்லது. போர்ட்ஃபோலியோவிலும் இந்தக் கேஸை எழுதுங்கள். நன்றாகச் செய்ததை மட்டும் எழுதுகிற கொப்பி இல்லை அது.

விட்டுவிடவா என்ற கேள்விக்கு. பிரதேச ஆஸ்பத்திரி எம்.ஓ. வேலை கீழான வேலை என்று நான் நினைக்கவில்லை. நம் ஊருக்கு அப்படிப்பட்ட டொக்டர் வேண்டும். ஆனால் அது பயத்துக்கு ஒளிகிற இடம் இல்லை. மத்தியானம் மலையில் குளவி கலைந்து ஆறு பேரைச் சாக்கில் தூக்கிக்கொண்டு வருவார்கள். யாருக்கு உடனே அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் போடுவது, யாரை வைத்துப் பார்ப்பது என்று தனியாகத் தீர்மானிக்க வேண்டும். கோப்பி விரியன் கடித்தவர் வருவார், நம்மிடம் உள்ள இந்திய விஷமுறி அந்தப் பாம்புக்கு வேலை செய்யாது என்று தெரிந்திருக்க வேண்டும், சிறுநீரகம் பாதிக்கிறதா என்று பார்த்து, டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ அனுப்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். மழையில் மண் சரிந்து ரோட் மூடியிருந்தால் அம்புலன்சும் இல்லை. அங்கே இரவில் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வர ஒரு சேர் இல்லை. போவதானால் விரும்பிப் போங்கள், இந்தப் பயிற்சியை முடித்துக்கொண்டும் போகலாம். இன்றைய பயத்தில் போக வேண்டாம்.

இங்கிலாந்தும் அப்படித்தான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போன பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டு நிலை எனக்குத் தெரியும். நீங்கள் இருக்கிற பாதையிலேயே, இரண்டாம் பகுதி பாஸ் பண்ணினால் சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலத்தில் வெளிநாட்டுப் பயிற்சியும் வரும். அப்போது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். எப்படியானாலும், நித்திரை இல்லாத மாதத்தில் இப்படிப்பட்ட முடிவுகள் எடுக்காதீர்கள்.

நித்திரை பற்றி. ஒரு மாதமாக இப்படி என்றால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். உங்கள் நோயாளி வந்து ஒரு மாதமாக நித்திரை இல்லை, மரணம் ஒன்று கண்ணுக்குள்ளே நிற்கிறது என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். நீங்கள் இருக்கிற ஆஸ்பத்திரியில் மனநல டொக்டரைப் பார்க்கக் கூச்சம் என்றால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடு இரவில் யாரோடாவது கதைக்க வேண்டும் போலிருந்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

பரீட்சையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சுருக்கமாக ஒன்று. இரண்டாம் பகுதியில் லோங் கேஸ், ஷோர்ட் கேஸ் எல்லாமே கட்டிலருகேதான். புத்தகத்தோடு இரவில் போராடுகிற நேரத்தில் பாதியைக் குறைத்து, ஒரு நாளைக்கு ஒரு நோயாளியிடம் முக்கால் மணித்தியாலம் முழுதாக இருந்து கதை கேளுங்கள். வார்ட்டில் உங்களுக்கு அதற்கு வேறு யாருக்கும் இல்லாத வாய்ப்பு இருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன்.

அளவுக்கு மீறின ஆசையா என்று கேட்டீர்கள். தங்கச்சி, முதற்பகுதி விடைத்தாளில் சுட்டெண் மட்டும்தான் இருந்தது, லய நம்பர் இருக்கவில்லை. அந்த இடம் உங்களுடையது.

கடைசியாக அந்தக் கணவர். இதை நீங்கள் செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். சேரிடம் சொல்லி, அவருடைய சம்மதத்தோடு, முடிந்தால் அவரையும் வைத்துக்கொண்டு, அந்த மனிதரை ஒருமுறை வரச்சொல்லுங்கள். மரணச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் தமிழில் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மனதில் எத்தனை கணக்கு ஓடுமோ. ஊசி மாறிப் போட்டார்களோ, நான்தான் பிந்திக் கொண்டுவந்தேனோ என்று. அவரை உட்காரவைத்து, தேத்தண்ணீர் ஒன்று கொடுத்து, தோட்டத்துப் பேச்சிலேயே சொல்லுங்கள். எலியின் மூத்திரம் கலந்த தண்ணியால் வருகிற காய்ச்சல் என்று. நுரையீரலுக்குள் இரத்தம் வந்துவிட்டது என்று. தொடக்கத்தில் டெங்கு என்று நினைத்தோம் என்பதையும் மறைக்காதீர்கள். கோபப்பட்டால் கேட்டுக்கொண்டிருங்கள், எழுந்து போக வேண்டாம். அழுதால் நீங்களும் அழுதால் பரவாயில்லை.

பிறகு கேளுங்கள்: "லயத்துல வேற யாருக்காச்சும் காய்ச்சல் இருக்காங்க? கூட வேலை செஞ்சவங்க, அதே கான்ல தண்ணி அள்றவங்க?" அறிவிக்க வேண்டிய நோய் இது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்குத் தகவல் போயிருக்கும், ஆனாலும் போயிற்றா என்று நீங்களே விசாரியுங்கள். அந்த லயத்தில் யாருக்காவது இன்று மேல் காய்ந்தால், வேலைக்குப் போகாத நாளை எண்ணிக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே வரச்சொல்லி, வார்ட் நம்பரை ஒரு துண்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள், தமிழிலேயே.

அன்புடன்,
உங்கள் அக்கா